அட்டை இருந்தும் கைக்காசு கரைந்ததா? மருத்துவக் காப்பீட்டை மதிப்பிடும் முறை

மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை மதிப்பிடப் புகுவோர் பலர், எத்தனை அட்டைகள் வழங்கப்பட்டன, எத்தனை கோடிக்குச் சிகிச்சை நடந்தது என்ற கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். அது திட்டத்தின் வரவுசெலவுதானே தவிர மதிப்பீடு அல்ல. அட்டையால் குடும்பத்தின் கைக்காசு மிஞ்சியதா என்பதைத்தான் அளக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை மனத்தில் வைத்து வழிமுறையைச் சொல்கிறேன்.

யாரை எண்ணுகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) நாட்டில் 41 விழுக்காடு குடும்பங்களுக்குக் காப்பீடு இருந்தது. ஆனால், வீட்டில் ஒருவருக்கு இருந்தாலே அந்தக் குடும்பம் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களைத் தனித்தனியாகக் கேட்டபோது அதே ஆய்வில் கிடைத்த விடை 30 விழுக்காடு.

அடுத்தது வினாத்தாள், பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. "ஆஸ்பத்திரிக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டால் வாய்க்கு வந்த ஒரு முழு எண்தான் கிடைக்கும். வீட்டில் ரசீதுகள் போட்டுவைத்திருக்கும் பையை எடுத்துவரச் சொல்லி, அனுமதிக்கு முன் எடுத்த ஸ்கேன், வெளியே வாங்கிய மருந்து, ஆட்டோ, துணைக்கு இருந்தவரின் சாப்பாடு, அவர் இழந்த கூலி எனத் தனித்தனியாகக் கேளுங்கள். "இலவசம்தான்" என்றவரே சில ஆயிரங்களைச் சொல்வார். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017–18) உள்நோயாளிச் செலவுக்குக் கடந்த 365 நாட்களையும், புறநோயாளிச் செலவுக்குக் கடந்த 15 நாட்களையும் எடுத்துக்கொண்டது. இவ்விரண்டையும் ஆண்டுக் கணக்காக்காமல் கூட்டிவிடக் கூடாது.

ஒப்பீடுதான் கடினமான பகுதி. அட்டை உள்ளவரையும் இல்லாதவரையும் நேராக ஒப்பிட்டால், அட்டை உள்ளவரே அதிகம் செலவழிப்பதாகத் தோன்றக்கூடும். மருத்துவர் அறுவை சிகிச்சை என்று சொன்ன பிறகு, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு அட்டைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அங்கே நோய்தான் அட்டையைக் கொண்டுவந்தது. எனவே அட்டை பெற்ற தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டத்துக்கு முன்னும் பின்னுமாக அண்டை மாநிலத்தோடு ஒப்பிடலாம் என்றால், ஆந்திரத்தில் 2007இலேயே ஆரோக்கியஸ்ரீ என்ற காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 2009 முதல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. எந்தத் திட்டமும் தொடாத தூய ஒப்பீட்டுக் குழு கிடைப்பது அரிது. கர்நாடகத்தில் வாஜ்பேயி ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டம் முதலில் வடபகுதிக்கு மட்டும் வந்ததால், எல்லைக்கு இருபுறமும் உள்ள ஊர்களை ஒப்பிட ஆய்வாளர்களுக்கு வாய்த்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2008இல் அரசு மருத்துவக் காப்பீட்டில் குலுக்கல் முறையில் இடம் வழங்கியது. அங்கே பணநெருக்கடியும் மனச்சோர்வும் குறைந்தன, இரத்த அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. ஒரே அளவுகோலை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குடும்பத்தின் மொத்தச் செலவில் மருத்துவம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் பேரிடர்ச் செலவு என்பது வழக்கமான வரையறை. 25 விழுக்காட்டு எல்லையிலும் கணக்கிட்டுக் காட்டுங்கள். பணமில்லாமல் சிகிச்சைக்கே போகாதவரின் செலவு பூச்சியம் என்பதால் இந்தக் கணக்கு அவரைப் பாதுகாப்பானவராகக் காட்டிவிடும். "போக வேண்டியிருந்தும் போகாமல் விட்டது உண்டா, ஏன்?" என்ற கேள்வியைக் களத்துக்குப் போகும் முன்பே வினாத்தாளில் சேர்த்துவிடுங்கள்.