ரூட்டரில் காடி: கைடு எந்தப் பக்கம், தள்ளுவது எந்தத் திசை?

மார்த்தாண்டம் பக்கம் என்னிடம் வேலை பழக வரும் பையன்கள் ரூட்டரில், அதாவது பிட் என்ற வெட்டு அலகைச் சுழற்றி மரத்தைக் குடையும் மெஷினில், காடி (நீளப் பள்ளம்) போடும்போது ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரித் தப்புகளில்தான் மரத்தைக் கெடுக்கிறார்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடுவது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிட் மாற்றுவது எல்லாம் மெஷினோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, அந்தத் தப்புகளைத் தலைப்பு தலைப்பாகச் சொல்கிறேன்.

கைடைப் பக்கம் மாற்றி வைப்பது

கையில் பிடித்து ஓட்டும் ரூட்டரில், மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் போகும் திசையில் சுற்றும். முன்னே தள்ளினால் அதன் முன்பக்கப் பற்கள் இடமிருந்து வலமாக வெட்டும். மெஷின் இடப்பக்கம் ஒதுங்கும். மெஷினோடு பூட்டிய கைடு (மர விளிம்பை ஒட்டி ஓடி மெஷினை நேராகக் கொண்டுபோகும் பட்டை) உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால், அந்த ஒதுக்கமே கைடை மர விளிம்பில் இறுக்கிவிடும். கைடுக்குப் பதிலாகப் பலகை மேல் ரீப்பரை (நேரான மரப்பட்டையை) கிளாம்ப் போட்டு ஓட்டினால் ரீப்பர் இடப்பக்கம். மாற்றி வைத்தால் காடி வளையும்.

சந்தேகம் வந்தால் வலது உள்ளங்கையைக் கீழ்நோக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலைத் தள்ளும் திசையில் நீட்டுங்கள். கட்டைவிரல் காட்டும் பக்கம்தான் மெஷின் போகும்.

வெட்டிய காடியைத் தப்பான சுவரில் அகலப்படுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். கைடு சரி, திசை சரி, முதல் ஓட்டம் நூல் பிடித்த மாதிரி இருக்கும். இரண்டாவது ஓட்டத்தில் மரம் போய்விடும்.

கதவுச் சட்டத்துக்கு 10 மி.மீ. காடி வேண்டும், கையில் 6 மி.மீ. பிட்தான் இருக்கிறது. அகலப்படுத்தும் இரண்டாவது ஓட்டத்தில் பிட் காடியின் ஒரு சுவரை மட்டும்தான் வெட்டும். முன்னே தள்ளும்போது அது இடச்சுவராக இருந்தால் பற்கள் மரத்தை எதிர்த்து வெட்டும், மெஷின் அடங்கி வரும். வலச்சுவராக இருந்தால் பற்கள் மரத்தின் மேல் ஏறி, மெஷினை முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும். அயனி மரச் சட்டத்தில் ஒரு பையன் இப்படித்தான் ஓட்டினான். "அண்ணே, மெஷின் அதுவாட்டு ஓடுது" என்று சந்தோஷமாகச் சொன்னான். நான் சுவிட்சை அணைக்கச் சொல்வதற்குள் காடியின் உதடு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. அயனியிலும் பலாவிலும் நார் பின்னிக் கிடக்கும், இந்த இழுப்பைத் தாங்காது. வாசல் கதவுக்கென்று பார்த்து எடுத்த உருப்படி அது, அதே நிறத்தில் இன்னொன்று கிடைக்கவில்லை.

சட்டத்தின் இரண்டு முகத்திலும் கைடை மாற்றி வைத்து காடியை நடுவில் கொண்டுவருவது நல்ல வழிதான். ஆனால் பிட்டை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். 36 மி.மீ. சட்டத்தில் 10 மி.மீ. காடி, விளிம்பிலிருந்து 13 மி.மீ.-இல் தொடங்கி 23 வரை வரும். முதல் ஓட்டத்திலேயே பிட்டின் தூர விளிம்பு கைடிலிருந்து 23 மி.மீ.-இல் இருக்கட்டும். சட்டத்தைத் திருப்பி அதே அளவில் ஓட்டும்போது, மீதி மரம் கைடுக்குத் தூரத்துச் சுவரில், அதாவது இடச்சுவரில் இருக்கும். கிட்ட விளிம்பை 13-இல் வைத்துத் தொடங்கினாலும் அளவு சரியாகத்தான் வரும், ஆனால் இரண்டாவது ஓட்டம் வலச்சுவரில் விழும். மெஷின் பாயும்.

ரூட்டரை மேசைக்கடியில் தலைகீழாகப் பூட்டினால் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அகலப்படுத்துவதற்கு அங்கேயும் அதே கணக்குதான்: வெட்டு, கைடுக்குத் தூரத்துச் சுவரில்.

ஒரே ஓட்டத்தில் முழு ஆழம்

வேண்டாம். 6 மி.மீ. பிட்டுக்கு ஒரு தடவை 3 மி.மீ. போதும்.

கால் அங்குல காலெட்டில் (பிட்டின் காம்பைப் பிடிக்கும் வாயில்) 6 மி.மீ. காம்புள்ள பிட்

கால் அங்குலம் 6.35 மி.மீ. முறுக்கினால் பிடித்த மாதிரிதான் தெரியும், ஓடும்போது நழுவும்.

ரூட்டரின் வட்ட அடித்தட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டுவது

பிட் தட்டின் நட்டநடுவில் இருக்கும் என்று நம்பாதீர்கள். தட்டில் ஒரு இடத்தில் பென்சிலால் குறி போட்டு, கடைசி வரை அந்த இடமே ரீப்பரைத் தொட்டுக்கொண்டு வரட்டும்.

குறுக்குக் காடியின் கடைசி முனை

பிட் வெளியே வரும் இடத்தில் விளிம்பு சிதறும். ஒரு கழிவுக் கட்டையை அங்கே இறுக்கி, காடியை அதற்குள் ஓடவிடுங்கள்.