அழகர், அழகர்சாமி ஆன கதை: சொல் பரிந்துரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூரில் நான் வேலை செய்யும் டைப்பிங் கடையில் இப்போது இரண்டு பெண்கள் தொழில் கற்கிறார்கள். ஒருவர் கொட்டாம்பட்டி, மற்றவர் திருவாதவூர். இருவரும் தமிழ்99 விசைப்பலகையில் நன்றாகவே தட்டுகிறார்கள். போன வாரம் ஒரு கிரயப் பத்திரம் வந்தது. கொட்டாம்பட்டிப் பெண் வாங்குபவரின் பெயரை அடித்தார். கண் தாளில் இருக்க, விரல் என்டர் விசைக்குப் போனது. நான் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“ஏன் அக்கா, சரியாகத்தானே அடித்தேன்?” என்றார்.

சரியாகத்தான் அடித்திருந்தார். நானும் ஒரு நாள் சரியாகத்தான் அடித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். மொழியை மாற்ற மறப்பது, சேமிக்க மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு முறை பட்டால் அவை தாமாகவே திருந்திவிடும்.

பெயருக்குப் பின் என்டர்

முதலில் அது நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். லிப்ரே ஆபிஸ் ரைட்டர் என்ற எழுதும் மென்பொருளில் சொல் நிறைவு என்றொரு வசதி உண்டு. நாம் அடிக்கும் சொற்களை அது சேர்த்து வைத்துக்கொள்ளும். அதே எழுத்துகளில் தொடங்கும் சொல்லை மறுபடி அடிக்கும்போது, மீதியைத் திரையில் காட்டும். விருப்பமானால் என்டர் தட்டி ஏற்றுக்கொள்ளலாம். விருப்பம் இல்லாவிட்டால் மேலே அடித்துக்கொண்டே போகலாம்.

சிக்கல் அந்த என்டரில்தான் இருக்கிறது. வரியை முடிப்பதற்கும் அதே விசை, பரிந்துரையை ஏற்பதற்கும் அதே விசை. திரையில் பரிந்துரை நிற்கும்போது என்டர் தட்டினால் அடுத்த வரி வராது, பரிந்துரைத்த சொல்தான் உள்ளே போகும்.

அன்று காலையில் ஒரு பத்திரத்தை முடித்திருந்தேன். அதில் விற்பவர் பெயர் அழகர்சாமி. மதியம் இன்னொரு பத்திரம், வாங்குபவர் பெயர் அழகர். சித்திரையில் கள்ளழகர் மலையிறங்கி வரும் அழகர்கோவில் பக்கத்து ஊர்கள் எங்களுடையவை. தெருவுக்கு ஓர் அழகராவது இருப்பார். ‘எழுதி வாங்குபவர்’ என்ற தலைப்பின் கீழே ‘அழகர்’ என்று அடித்தேன். திரையில் ‘சாமி’ எட்டிப் பார்த்திருக்கிறது. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்டர். வரி இறங்கவில்லை என்று கைக்குத் தெரிந்தது. விசை சரியாக அழுந்தவில்லை என்று நினைத்து இன்னொரு முறை தட்டினேன். வரி இறங்கியது. தந்தை பெயர், கதவு எண், ஊர் என்று வேலை ஓடியது.

உரைப்பகுதியில் பெயர் திரும்பத் திரும்ப வந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் பத்திர நடையில் முதல் பக்கத்துக்குப் பிறகு எல்லாம் ‘தாங்கள்’, ‘தங்களுக்கு’ என்றுதான் போகும். வாங்கியவருக்கு நானே வாசித்துக் காட்டினேன். பெயர் வந்த இடத்தில் எனக்குத் தெரிந்த பெயரைச் சொன்னேனே தவிர, தாளில் இருந்ததைப் படிக்கவில்லை. அவரும் தலையசைத்தார். பத்திரம் பதிவாகிவிட்டது.

ஏழெட்டு மாதம் கழித்து அவர் கடனுக்காக வங்கிக்குப் போனார். ஆதாரில் அழகர், பத்திரத்தில் அழகர்சாமி. திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிழைத் திருத்தல் பத்திரம் போட வேண்டும் என்றால் விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். விற்றவர் அதற்குள் மகன் வீட்டோடு திருப்பூருக்குப் போயிருந்தார். அவரை வரவழைக்கப் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, பத்திரச் செலவு. பணத்தை நான் கொடுத்தேன். ஆனால் விதைப்புக்கு வேண்டிய கடன் விதைப்புக் காலத்தில் அவர் கைக்கு வரவில்லை. அதை நான் எதைக் கொடுத்து ஈடுகட்ட முடியும்? இன்றைக்கும் யாராவது பெயரை அடித்துவிட்டு நிமிராமல் என்டர் தட்டுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் பொங்குகிறது.

மென்பொருள் மீது குற்றமில்லை, அமைத்தபடி அது வேலை செய்தது. அமைப்பைப் பார்க்காதவள் நான். கருவிகள் பட்டியலில் தானியங்குத் திருத்த விருப்பங்களைத் திறந்து, சொல் நிறைவுப் பக்கத்துக்குப் போங்கள். பரிந்துரையை ஏற்கும் விசை என்டர் என்று இருந்தால் அதை என்ட் விசைக்கு மாற்றுங்கள். ஸ்பேஸ் வேண்டாம், அது என்டரைவிடக் கொடியது. டேப் விசையும் வேண்டாம், அட்டவணையில் கை தானாக அதைத் தட்டும்.

அதே பக்கத்தில், ஆவணத்தை மூடும்போது அதில் சேர்த்த சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் குறியும் உண்டு. அதை இடாவிட்டால், மென்பொருளை முழுவதும் மூடும் வரை ஒரு பத்திரத்தின் பெயர்கள் அடுத்த பத்திரத்திலும் தலைகாட்டும். காலையில் திறந்தால் இரவில்தான் மூடுகிற கடை எங்களுடையது. காலைச் சொத்துக்காரரின் பெயர் மதியச் சொத்துக்காரரிடம் வந்த வழி இதுதான்.

இன்னொன்றைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன். எத்தனை எழுத்துக்குக் குறையாத சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பதற்கு அங்கே ஓர் எண் இருக்கும். மாற்றாவிட்டால் அது 8. கண்ணுக்கு ‘அழகர்சாமி’ ஆறு எழுத்துதான். ஆனால் கணினி புள்ளியையும் துணைக்காலையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். அந்தக் கணக்கில் அழகர்சாமி 9, அழகர் 5. ஆகவே நீளமான பெயர் பட்டியலில் ஏறும், குட்டையான பெயர் ஏறவே ஏறாது. பாண்டிக்குப் பாண்டியம்மாள் வருவார், மீனாவுக்கு மீனாட்சிசுந்தரம் வருவார். எங்கள் பக்கத்துப் பெயர்களில் பாதி இப்படி ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்பவை. மதுரைப் பக்கம் தட்டச்சு செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வேற்றுமை உருபை நம்பிவிடுவது

தமிழில் சொல்லின் பொருள் வாலில் இருக்கிறது. ‘எழுதிக்கொடுப்பவருக்கு’ என்று வேண்டிய இடத்தில் ‘எழுதிக்கொடுப்பவரால்’ பரிந்துரையாக வந்து, முதல் பாதியைப் பார்த்து ஏற்றுக்கொண்டால், பணம் கொடுத்தவரும் வாங்கியவரும் இடம் மாறிவிடுவார்கள். இரண்டும் சரியான சொற்கள், பிழைதிருத்தி எதையும் அடிக்கோடிடாது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். அரை சென்ட் ‘அறை சென்ட்’ ஆகும், குளக்கரை ‘குளக்கறை’ ஆகும். பரிந்துரையை ஏற்றால் கடைசி எழுத்து வரை படித்துவிட்டு ஏற்க வேண்டும். படிக்க நேரமில்லை என்றால் முழுவதையும் கையால் அடித்துவிடுவதே வேகம்.

எல்லாச் சொல்லுக்கும் பரிந்துரையைப் பார்ப்பது

கைபேசிப் பழக்கம் இது. அங்கே ஒரு விரல் வேலை செய்கிறது, பரிந்துரை உதவும். கணினியில் பத்து விரலும் பழகியவர் ‘நிலம்’ என்ற சொல்லுக்குப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்குள் அடுத்த சொல்லையும் அடித்து முடித்திருப்பார். தாளைப் பார்த்து நகலெடுக்கும் வேலையில் கண் திரைக்கும் தாளுக்கும் ஓடினால் வரி தவறும். வரி தவறினால், சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் ஓர் எல்லையே காணாமல் போகும்.

வாசகம் முழுவதையும் பரிந்துரையிடம் எதிர்பார்ப்பது

‘சர்வ சுதந்திர பாத்தியதையாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்பது போன்ற மாறாத வாசகங்களை ஒவ்வொரு சொல்லாக ஏற்றுக்கொண்டு போவது வீண். அதற்குத் தானியங்கு உரை இருக்கிறது. வாசகத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலுடன் எஃப்3 தட்டி, ஒரு சுருக்கப் பெயரில் சேமியுங்கள். அதன் பிறகு சுருக்கத்தை அடித்து எஃப்3 தட்டினால் முழு வாசகமும் வந்துவிடும். ஒரு முறை நிதானமாகப் பிழை பார்த்துச் சேமித்தது, என்றைக்கும் பிழையில்லாமல் வரும். உண்மையான வேகம் எனக்கு இங்கேதான் கிடைத்தது.

பழைய எழுத்துருவில் பரிந்துரை தேடுவது

பாமினியில் நீங்கள் ‘அம்மா’ என்று அடித்ததைக் கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பார்க்கிறது. தமிழ்ச் சொல்லாக அதற்குத் தெரியவே தெரியாது. யூனிகோடுக்கு மாறுங்கள்.

சர்வே எண், தொகை

கையால் மட்டும்.

பிறர் கணினி

சொல் சேர்ப்பதை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

அடித்தவரே சரிபார்ப்பது

வேண்டாம். நான் வாசித்துக் காட்டிய கதையை மேலே சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் கடையில் ஆதார் அட்டை ஒருவர் கையில், அச்செடுத்த தாள் இன்னொருவர் கையில். அட்டையை வைத்திருப்பவர் வாயே திறக்கக் கூடாது. தாளை வைத்திருப்பவர், அடித்தவராக இல்லாத ஒருவர், பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும்: அ, ழ, க, ர், அதோடு முடிந்தது. கொட்டாம்பட்டிப் பெண்ணின் கணினியில் ஏற்பு விசையை அன்று மாலையே மாற்றினோம். திருவாதவூர்ப் பெண், தன்னுடையதை மற்றவர் சொல்லாமலே தானாக மாற்றிக்கொண்டார்.