ஆர்டுயினோ யூனோ என்ற சிறிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் வீட்டுக் கரண்டின் வோல்டேஜை அளப்பது எப்படி?

230 வோல்ட்டை வெறும் ரெசிஸ்டர்களால் குறைத்து நேராக போர்டுக்குள் விடும் சர்க்யூட் வேண்டவே வேண்டாம். அதில் போர்டின் கிரவுண்ட் நியூட்ரலோடு சேர்ந்திருக்கும். டூ பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் அதே கிரவுண்டில் பேஸ் ஏறிவிடும்; யுஎஸ்பி கேபிள் வழியே லேப்டாப்புக்கும், அதைத் தொடுகிற கைக்கும் வந்து சேரும்.

நடுவில் டிரான்ஸ்பார்மர் இருக்கட்டும்: 230-க்கு 9 வோல்ட், 500 மில்லிஆம்ப். பேஸ் பக்கம் 100 மில்லிஆம்ப் ஸ்லோ ப்ளோ (சற்றுத் தாமதித்து உருகும்) பியூஸ். செல்போன் சார்ஜர் உதவாது. மெயின்ஸ் (வீட்டுக்கு வரும் 230 வோல்ட்) ஏறினாலும் இறங்கினாலும் அது 5 வோல்ட்டையே தரும். பிளக்கில் செருகும் முன் பிரைமரிக்கும் (230 பக்கம்) செகண்டரிக்கும் (9 வோல்ட் பக்கம்) இடையே மல்டிமீட்டரில் பாருங்கள். பீப் வந்தால் அந்த டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் போடுங்கள்.

லோடு இல்லாதபோது இந்த 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர் 11 வோல்ட் வரை தரும். மெயின்ஸ் 270-க்கு எகிறினால் 13, அதன் உச்சம் 18. கணக்கை இந்த 18-க்குப் போடவேண்டும், 9-க்கு அல்ல.

5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டால் நடுப்புள்ளியில் 2.5 வோல்ட். அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோபாரட் கெபாசிட்டர். செகண்டரியின் ஒரு வயர் இந்த நடுப்புள்ளிக்கு. மற்றது 100 கிலோ ஓம் வழியாக யூனோவில் வோல்டேஜைப் படிக்கும் ஏ0 பின்னுக்கு. ஏ0-வுக்கும் நடுப்புள்ளிக்கும் இடையே இன்னொரு 10 கிலோ ஓம். ஏ0-வில் 0.85 முதல் 4.15 வோல்ட் வரைதான் ஆடும். யூனோவுக்குப் பதில் இஎஸ்பி32 போர்டு என்றால் நடுப்புள்ளியை 3.3 வோல்ட்டிலிருந்து எடுங்கள், கடைசி ரெசிஸ்டர் 6.8 கிலோ ஓம், ஏ0-வுக்குப் பதில் 34-ஆம் பின்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலையொட்டிய வீடுகளில் உப்புக் காற்றுதான் பெரிய எதிரி. போர்டில் பிளக்ஸ் (சால்டரிங் பசை) மிச்சமிருந்தால் ஈரத்தோடு சேர்ந்து கரண்ட் கசியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வார்னிஷ் அடித்து, 230 பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் 8 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். பெட்டி பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.

புரோகிராமில் 200 மில்லிசெகண்ட், அதாவது முழுதாக 10 சைக்கிள், விடாமல் படியுங்கள். சராசரியைக் கழித்து, வர்க்கப்படுத்தி, அதன் சராசரிக்கு வர்க்கமூலம். யூனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 32767-ஐத் தாண்டாது. வர்க்கத்தை அதில் வைத்தால் ரீடிங் தாறுமாறாகும். பெரிய எண்களைத் தாங்கும் லாங் அல்லது ஃப்ளோட் வகையைப் போடுங்கள்.

வந்த எண்ணை மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டோடு ஒப்பிட்டு, அதை எதால் பெருக்கினால் வோல்ட் வரும் என்று முடிவு செய்யுங்கள். இதை லைன் கரண்டில் மட்டும் செய்யுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் ஓடும்போது, ட்ரூ ஆர்எம்எஸ் (எந்த வடிவ அலையையும் சரியாக அளக்கும் வசதி) இல்லாத சாதா மீட்டர் சுமார் 11 சதவீதம் கூட்டிக் காட்டும்.