செவிலித் தேனீக்களை வயதறிந்து கவனிக்கும் முறை

தேனீக் கூட்டத்தின் புழுக்களுக்கு உணவூட்டுபவை, கூடு விட்டு வெளியே செல்லத் தொடங்காத, ஏறத்தாழ 5 முதல் 15 நாள் வயதுடைய இளம் பணித்தேனீக்கள் ஆகும். இவையே செவிலித் தேனீக்கள். அவை மகரந்தத்தை உண்டு, தம் தலையிலுள்ள சுரப்பிகளில் பாலைப் போன்ற கூழைச் சுரந்து ஊட்டுகின்றன. ராணியும் இக்கூழை உண்டே முட்டையிடுகிறது. 1925ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வாளர் ரோஷ், தேனீக்களின் மீது வண்ணப் புள்ளியிட்டு, வயதுக்கேற்ப அவற்றின் வேலை மாறுவதைப் பதிவு செய்தார். அதே முறையைப் பண்ருட்டி முந்திரித் தோப்பில் வைத்துள்ள இந்தியத் தேனீப் பெட்டியிலும் நாம் செய்து பார்க்கலாம்.

முந்திரி பூக்கும் தை, மாசி மாதங்களே இதற்கு உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூட்டம் மெலிந்திருக்கும். அப்போது பெட்டியைக் கலைத்தால் தேனீக்கள் கூட்டை விட்டே போய்விடக்கூடும். தோப்பில், முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசு என்னும் பூச்சிக்கு மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொள்வது மிகவும் அவசியம்.

முட்டையிலிருந்து 18 முதல் 20 நாளில் இளந்தேனீ வெளிவரும். எனவே, மூடிய புழு அறைகளுள் சில மூடிகள் உள்ளிருந்து கடிக்கப்பட்டிருக்கும் அடையைத் தேர்ந்தெடுத்து, சில தேன் அறைகளும் மகரந்த அறைகளும் உள்ளடங்குமாறு அப்பகுதியின் மேல் சிறு கம்பிவலைக் கூண்டை அழுத்திப் பதிக்க வேண்டும். உணவு அறைகளை மறந்தால், பிறந்த தேனீக்கள் கூண்டுக்குள்ளேயே பசியால் மடியும். புழு அறைக்கு 34 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை என்பதால், அடை பொருந்திய சட்டத்தை வெளியே வைக்காமல் உடனே பெட்டிக்குள் திருப்பி வையுங்கள். மறுநாள் காலையில் வெளிறிய நிறமும் மென்மயிரும் கொண்ட, பறக்க இயலாத தேனீக்கள் கூண்டில் இருக்கும். ஒவ்வொன்றின் மார்புப் பகுதியில், இறகிலும் உணர்கொம்பிலும் படாதவாறு, விரைவில் உலரும் வண்ணத்தால் ஒரு சிறு புள்ளி வைத்து விட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் போதும். பல தேனீக்கள் காணாமற்போகும் என்பதால், 50க்குக் குறையாமல் புள்ளியிடுவது நல்லது.

ஊட்டுவதைக் காண, சட்டத்தை வெளியே எடுத்துப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இந்தியத் தேனீக்கள் அடையின் மேல் மிரண்டு ஓடும், ஊட்டுதல் நின்றுவிடும். ஒரு பக்கம் கண்ணாடியும் அதன்மேல் மூடும் பலகையும் அமைந்த பெட்டியைச் செய்துகொண்டு, சிவப்பு விளக்கொளியில் பார்ப்பதே சிறந்தது. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு புலப்படாது. அறைக்குள் தலையை நுழைத்த தேனீ அனைத்தும் ஊட்டுவதாக எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலானவை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். புழு இருக்கும் அறையில் தலையைச் சில நொடிகள் அசையாது வைத்திருப்பதை மட்டும் நேரம், நிறம், வயது ஆகியவற்றுடன் குறித்துக்கொள்ளுங்கள்.

இக்குறிப்பேடு வயதை மட்டும் காட்டுவதில்லை. வெளியே சென்று வரும் முதிர்ந்த தேனீக்கள் எத்தில் ஓலியேட் என்னும் பொருளைச் சுரந்து, இளையவை வெளிவேலைக்குப் போவதைத் தாமதப்படுத்துகின்றன. முதிர்ந்தவை குறைந்தால், இளையவற்றின் உடலில் வேலை மாற்றத்தைத் தூண்டும் இளமை இயக்குநீர் (ஜுவனைல் ஹார்மோன்) உயர்ந்து, அவை முன்னதாகவே புறப்படுகின்றன. செவிலிகள் குறைந்த கூட்டத்திலோ, வெளிவேலைக்குச் சென்ற சில தேனீக்கள் மீண்டும் புழு வளர்ப்புக்குத் திரும்புகின்றன. ஆகவே மருந்தடிப்பால் வெளித்தேனீக்கள் அழிந்துபோன நாள்களில் வாயிற்பலகையின் அருகே அமர்ந்து, புள்ளியிட்ட எந்த நிறம் மகரந்தத்துடன் திரும்புகிறது என்று பாருங்கள். 10 நாள்கூட நிரம்பாத நிறம் தென்பட்டால், அதே வாரத்தில் உள்ளே ஊட்டுவோரின் எண்ணிக்கையையும் தவறாமல் எண்ணிப் பதிவு செய்யுங்கள்.