நெடுந்தீவுப் படகை இணையத்தில் தேடுவது எப்படி?

'யாழ்ப்பாணம் சுற்றுலா' என்று மட்டும் தேடினால் ஹோட்டல் விளம்பரம்தான் வந்து குவியும். உங்களுக்கு வேண்டியது படகு நேரமா? சரி, 'குறிகட்டுவான் நெடுந்தீவு படகு நேரம்' என்று அதையே போடுங்கள் (குறிகட்டுவான்தான் நெடுந்தீவுப் படகு புறப்படும் இறங்குதுறை), முழுக் கேள்வியாக எழுதத் தேவையில்லை.

அப்புறம் பெயர்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நெடுந்தீவை வெளிநாட்டுக்காரர் டெல்ஃப்ற் என்பார்கள், ஊர்காவற்றுறை கெய்ற்ஸ் ஆகிவிடும், நயினாதீவு சிங்களத்தில் நாகதீப, ஆங்கில எழுத்தில் என்றால் ஒரே ஊருக்குப் பல எழுத்துக்கூட்டல், அதனால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நெதர்லாந்திலும் ஒரு டெல்ஃப்ற் நகரம் இருக்கிறதே, அது குறுக்கே வந்தால் நெதர்லாந்து என்ற சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போடுங்கள், பாதித் தொல்லை போய்விடும். சொற்கள் அதே வரிசையில் வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறி.

திகதி பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓடத் தொடங்கியது 2023 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாக மாறியது 2019இல். அதற்கு முந்திய பதிவுகள் இந்தியா போகக் கொழும்புக்குத்தான் அனுப்பும். தேடலில் 'கடந்த ஒரு வருடம்' என்று வடிகட்டுங்கள். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது, அதை இறங்குதுறையில்தான் கேட்க வேண்டும்.