புத்தக அலமாரி: அக்கறையோடு செய்யும் தவறுகள்

வீட்டில் நூறு, இருநூறு புத்தகம் சேர்த்து வைத்திருப்பவர்கள் அவற்றின் மேல் உயிரையே வைத்திருப்பார்கள். கதவு போட்ட அலமாரி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை, கிழிந்த இடத்தில் செலோடேப், தட்டுக்கு நாலு பாச்சை உருண்டை என்று பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். வருத்தம் என்னவென்றால், புத்தகத்துக்கு வரும் கேடுகள் பலவும் இந்த அக்கறை வழியாகவே வந்து சேர்கின்றன. தெரியாமல் செய்வதுதான், தெரிந்துகொண்டால் எளிதில் தவிர்த்துவிடலாம்.

முதலில் அலமாரி நிற்கும் இடம். குளியலறையை ஒட்டிய சுவர், மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர் இரண்டும் கூடவே கூடாது. சுவர் உறிஞ்சிய ஈரம் அலமாரியின் முதுகு வழியாகப் புத்தகத்துக்கு இறங்கும். கரையானும் அந்தச் சுவரில்தான் மண்பாதை கட்டிக்கொண்டு மேலே ஏறும். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே கை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். கீழ்த்தட்டு தரையிலிருந்து அரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். கதவு இருந்தால், வெயில் காயும் நாட்களில் அவ்வப்போது கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்க வழி பிறந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இந்த அளவைத் தாண்டுவது மிகச் சாதாரணம். ஆகவே காற்றோட்டம்தான் முதல் மருந்து.

தட்டில் பழைய செய்தித்தாளை விரிப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள பழக்கம். செய்தித்தாள் மட்டமான மரக்கூழில் செய்தது. மரத்தில் உள்ள லிக்னின் அதில் அப்படியே தங்கியிருப்பதால் சீக்கிரம் பழுத்து அமிலம் விடுகிறது. அந்த அமிலம் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் நல்ல தாளுக்கும் பரவும். பிடித்த கட்டுரையை வெட்டிப் புத்தகத்துக்குள் செருகி வைத்து, பல வருடம் கழித்துத் திறந்தால் அந்த நறுக்கு இருந்த அளவுக்கு இரு பக்கமும் பழுப்புக் கட்டம் விழுந்திருக்கும். தட்டில் வெள்ளைத் தாளோ வெளுத்த பருத்தித் துணியோ போதும். நறுக்குகளைத் தனியே ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளலாம்.

செலோடேப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒட்டிய அன்று பளிச்சென்று இருக்கும். சில வருடங்களில் பசை மஞ்சளாகி, எழுத்துக்குள் ஊறி, பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். பிறகு மேலே உள்ள பிளாஸ்டிக் மட்டும் உரிந்து விழும். கறை போகவே போகாது. அட்டைக்கு லேமினேஷன் போடுவதும் இதே கதைதான். சூட்டில் ஒட்டியதை வீட்டில் யாராலும் பிரிக்க முடியாது. நூல் பராமரிப்பில் அடிப்படையான விதி ஒன்று உண்டு: எதைச் செய்தாலும், தேவைப்பட்டால் அதைப் பிறகு நீக்கிவிட முடிய வேண்டும். கிழிந்த தாளுக்கு நூல் பழுதுபார்க்கும் மெல்லிய டிஷ்யூ தாளும் (முகம் துடைப்பது அல்ல) மாவுப் பசையும்தான் சரி, தண்ணீர் பட்டால் அது இளகிவிடும். கொஞ்சமாகத் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகே மூடவேண்டும். பசையை அள்ளிப் பூசினால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

பூச்சி விஷயத்தில் ஆளை அடையாளம் கண்டபிறகு வைத்தியம் பார்ப்பது நல்லது. வெள்ளி நிறத்தில், வாலில் மூன்று இழையோடு, புத்தகத்தைத் திறந்ததும் சரசரவென ஓடுவது ஒரு வகை. இது தாளின் மேற்பரப்பையும் பசையையும் சுரண்டித் தின்னும். ஈரம் குறைந்தால் தானாகவே குறையும். ஊசியால் குத்தியதுபோல வட்ட ஓட்டை விழுந்து மாவு கொட்டினால், உள்ளே வண்டின் புழு இருக்கிறது என்று பொருள். இதற்கு வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் ஃப்ரீசரே உதவும். புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டு மூடி இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடாதீர்கள். ஒருநாள் முழுக்க அப்படியே இருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

பாச்சை உருண்டையை அலமாரியில் போடாதீர்கள் என்பதே என் கருத்து. காற்றுப் புகாத பெட்டிக்குள்தான் அதன் ஆவி வேலை செய்யும். திறந்து மூடும் அலமாரியில் வாசனை மட்டும் வீட்டுக்குள் பரவும். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு, இந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். வாசனைப் பொருள்தான் வேண்டும் என்றால் வசம்பு இருக்கிறது. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளோடு வைக்கும் வழக்கம் உண்டு. வேப்பிலை வைப்பவர்கள் நன்றாக உலர்த்தி, துணியில் கட்டி வைக்கவேண்டும். பச்சை இலையைப் பக்கங்களுக்கு நடுவே செருகினால் ஈரத்தை நாமே உள்ளே வைத்ததாகிவிடும்.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கி, அட்டையில் நேராகச் சந்தனமும் குங்குமமும் இட்டு, தண்ணீர் தெளித்த பூவை மேலே சார்த்துகிறோம். அடுக்கின் மேல் ஒரு வெள்ளைத் தாளையோ பட்டுத் துணியையோ விரித்து அதில் பொட்டு வையுங்கள். பூவைச் சாமி படத்தின் சட்டத்துக்குச் சூட்டுங்கள். பூஜையின் நிறைவு குறையாது, அட்டையும் கறைபடாது. அந்த நாள் வருவதும் மிகச் சரியான நேரத்தில்தான். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதை ஒட்டித்தான் நவராத்திரியும் வரும். எல்லாப் புத்தகத்தையும் கீழே இறக்கி, உலர்ந்த துணியால் தூசி துடைத்து, ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்து அடுக்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

இறக்கிய புத்தகங்களை மொட்டை மாடி வெயிலில் காய வைக்காதீர்கள். வெயில் தாளைப் பழுக்க வைக்கும், அட்டையை வெளுக்க வைக்கும், முதுகுப் பசையை உருக்கிவிடும். நிழலும் மின்விசிறியும் போதும்.

அடுக்கும்போது முதுகின் மேல்விளிம்பில் விரல் கொடுத்து இழுக்காமல், இரு பக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளி நடுவில் பிடித்து எடுங்கள். ரப்பர் பேண்ட் நம் ஊர் வெக்கையில் இளகி ஒட்டிக்கொள்ளும்; குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடிக்கும். பிரிந்த புத்தகத்தைப் பருத்தி நாடாவால் கட்டினால் போதும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பைண்டிங். கல்கியிலும் ஆனந்த விகடனிலும் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து வைத்த தொகுப்புகள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பின்னால் வந்த நூல் பதிப்புகளில் இல்லாத மணியம், கோபுலு போன்றவர்களின் ஓவியங்கள் அவற்றில் கிடைக்கலாம். பழசாகிவிட்டதே என்று பைண்டிங் கடையில் கொடுத்தால், மூன்று பக்க விளிம்பையும் கட்டிங் இயந்திரத்தில் சீவித் தருவதுதான் கடைக்காரரின் வழக்கம். பக்க எண்ணும், ஓரத்தில் தாத்தா எழுதிய குறிப்பும், சில இடத்தில் ஓவியத்தின் விளிம்பும் அதோடு போய்விடும். "கட்டிங் போடாதீங்கண்ணே, நூல் தையல் போடுங்க, பக்கவாட்டுல ஓட்டை போட வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் துளையிட்டுத் தைத்தால் உள்ளோர எழுத்து மடிப்புக்குள் மறைந்துவிடும். விரித்துப் படிக்க முயலும்போது மொறுமொறுப்பான பழைய தாள் உடைந்தும் போகும். தொட்டாலே நொறுங்கும் நிலையில் இருந்தால் தைக்கவே வேண்டாம். அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் நனைந்துவிட்டால் பதற்றத்தில் செய்யும் தவறுகள் இன்னும் அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கீழ்த்தட்டை உயர்த்தி வைப்பதன் அருமை அப்போது தெரிந்தது. ஊறிய தாள் துணியைவிட எளிதில் கிழியும் என்பதால் பக்கம் பக்கமாகப் பிரிக்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். லேசாக நனைந்ததை விசிறிபோல் விரித்து நிறுத்தி, இடையிடையே உறிஞ்சும் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். பூஞ்சை இரண்டு நாளில் தொடங்கிவிடும். அதற்குள் எல்லாவற்றையும் உலர்த்த முடியாது என்றால் மீதியைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். தீபாவளி மலர்களில் வரும் வழவழப்பான ஆர்ட் பேப்பர் பக்கங்களை முதலில் கவனியுங்கள். அவை காயும்போதே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிறகு பிரியாது.

கடைசியாக, பெரியவர்கள் விட்டுப்போன புத்தகக் கட்டுகளைப் பார்க்காமலேயே பழைய பேப்பர் கடைக்குப் போடுவது. காரைக்குடி பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என்று பிறர் தூக்கி எறிவதையெல்லாம் சேர்த்தார். அந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் அமைந்ததுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். இப்போது தரமணியில் இருக்கிறது. கட்டை அவிழ்த்து, தலைப்பும் ஆண்டும் குறித்து ஒரு பட்டியல் போடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அந்தத் தலைப்புகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இல்லாதவை இருந்தால் கடைக்காரரைக் கூப்பிடும் முன் இந்த இரண்டு இடங்களுக்கும் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள்.