சுங்கை சிப்புட்டில் கடை வாங்க வருகிறவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி இதுதான்: “அங்க ஒரு மளிகைக்கடைய வாங்கிப் போட்டா விசா கிடைச்சிடுமாண்ணே?” கிடைக்காது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கம்பெனிக் கணக்கு எழுதும் மேசையிலிருந்து இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

வெளிநாட்டார் இறங்கக் கூடாத வியாபாரங்களை 2010ஆம் ஆண்டு விநியோக வணிக வழிகாட்டி பட்டியல் போட்டிருக்கிறது. மளிகைக்கடை, சின்ன மினி மார்க்கெட், துணிக்கடை, நகைக்கடை, சாதாரண சாப்பாட்டுக்கடை எல்லாம் அதில் உண்டு. நம் கடைத்தெருவில் நம்மவர் நடத்துவது முக்கால்வாசி இவைதானே! கம்பெனியாக இல்லாமல் ‘எண்டர்பிரைஸ்’ என்று சின்னதாகப் பதியலாமா என்றால், அதுவும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்.

உடனே யாராவது ஓர் ஏஜண்டு, “லைசன் என் மச்சான் பேர்ல, காசு உங்களது” என்பார். அலிபாபா வியாபாரம் என்பது இதுதான். விஷயம் தெரிந்தால் நகராண்மைக் கழகம் லைசனைப் பிடுங்கிவிடும். அது போகட்டும், மச்சான் மனம் மாறினால் கோர்ட்டில் காட்ட உங்களிடம் என்ன காகிதம் இருக்கும்? சுற்றுலாவில் வந்து கல்லாவில் நிற்பதும் குற்றம். 2026 டிசம்பர் 31 வரை இந்தியர் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம் என்பது ஏற்பாடு. அந்த நாள்களில் இடம் பாருங்கள், வக்கீலைப் பாருங்கள், விலை பேசுங்கள். வேலையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் கடையை விட்டுவிட்டு மசாலா அரைக்கச் சொல்வேன். பங்குதாரர் நிதி 25 லட்சம் வெள்ளிக்கும் (ரிங்கிட்), முழுநேர ஆள்கள் 75க்கும் கீழே இருக்கும் ஆலைக்கு உற்பத்தி லைசன் தேவையில்லை. அதற்காகப் பால்மர (ரப்பர்) தோட்டத்து வீட்டின் பின்கட்டில் மிஷினைப் போட முடியாது. தொழிற்பேட்டை லாட் வேண்டும், உள்ளூர் லைசன் வேண்டும், சுகாதார அமைச்சில் பதிவு வேண்டும். சாமானைத் தொடும் ஆள்களுக்கு டைபாய்டு ஊசி கட்டாயம். ஹலால் சான்றிதழ் இல்லாமல் பெரிய கடைகளுக்குச் சரக்குப் போடுவது கஷ்டம். அதை முதல் நாளே கணக்கில் வையுங்கள்.

அடுத்தது சென்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பெயருக்கு 50 வெள்ளி, பதிவுக்கு 1,000 வெள்ளி, 30 நாளுக்குள் கம்பெனி செகரட்டரி. வேலை பாஸ் (இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி) கேட்க, முழுக்க வெளிநாட்டார் கம்பெனியாக இருந்தால் செலுத்திய மூலதனம் 5 லட்சம் வெள்ளி. உள்ளூர்க்காரரோடு கூட்டு என்றால் மூன்றரை லட்சம். இந்தியாவிலிருந்து ஒருவர் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை வங்கி வழியே அனுப்பலாம். அதனால் உண்டியல் (ஹவாலா) பக்கமே போகாதீர்கள். காசு வந்த வழியைக் காட்ட முடியாவிட்டால் எல்லாமே சிக்கல்.

இங்கேதான் ஏமாறுகிறார்கள். மலேசியாவில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது 2016 கம்பெனிச் சட்டம். நீங்கள் இன்னும் பாஸ் வாங்காதவர். ஆகவே ஆரம்பத்தில் உள்ளூர் ஆள் வேண்டும். “அப்படின்னா அவருக்கு 51 விழுக்காடு பங்கு” என்று ஏஜண்டு சேர்த்துச் சொல்வார். இயக்குநர் ஒரு பங்குகூட வைத்திருக்க வேண்டியதில்லை. கையெழுத்துப் போடும் முன் வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து செல்லும் என்பதை நிறுவனத் தீர்மானத்தில் எழுதி வாங்குங்கள்.

ஓடுகிற ஆலையையே வாங்குவதானால், பங்கை வாங்கினால் பழைய வரி பாக்கி, இபிஎப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பாக்கி எல்லாம் கம்பெனியோடு வரும். மிஷினையும் சரக்கையும் மட்டும் வாங்குவது எனக்குப் பிடித்த வழி. ஆனால் வாடகை ஒப்பந்தத்தையும் லைசனையும் புதிதாக உங்கள் கம்பெனி பேரில் எடுக்க வேண்டும்.

பாஸ் கம்பெனியோடு கட்டுண்டது. கம்பெனி மூடினால் அதுவும் போச்சு. குடும்பத்துக்கு வரும் சார்ந்தோர் பாஸில் மனைவி தங்கலாம். தனி அனுமதி இல்லாமல் உங்கள் ஆலையில்கூட அவர் பாக்கெட் ஒட்டக் கூடாது.